எல்லை வண்டிக்காரர்களின் செயலியில் வாரக் காட்சி சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும். கேரளத்து வாணியங்குளம் சந்தை வியாழன். இந்த இரண்டுக்கும் மினி லாரி ஓட்டுகிறவரிடம் "வண்டி எப்போங்க காலி?" என்று கேட்டால் மாதக் கணக்கில் பதில் வராது. "செவ்வா போயிருச்சு, வெள்ளி வேணா பாக்கலாம்" என்பார். அவருக்கான செயலியில் மாதக் காலண்டர் மட்டும் வைத்துவிட்டு, வாரக் காட்சியைப் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளுவது தலைகீழ் வேலை.

கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் வழியாகத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் போய்வரும் வண்டிகளுக்கான முன்பதிவுச் செயலி ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே படிப்படியாகப் போகலாம். செயலி கட்டும் கருவி ஃபிளட்டர், அதில் எழுதும் மொழி டார்ட். கோட்லின், ஸ்விஃப்ட், ரியாக்ட் நேட்டிவ் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்; மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறது. திரையில் ஏழு கட்டம் வரைவது சின்ன வேலை. 'நாள்' என்று எதைச் சொல்கிறோம், அது யாருடைய விடுமுறை, வாரம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பாதிக்கு மேல் நேரம் போகும்.

சோதனைக்கு ஒரே ஒரு வாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 2025 ஆகஸ்ட் 31 ஞாயிறு முதல் செப்டம்பர் 6 சனி வரை. மாதம் நடுவில் மாறுகிறது, வியாழனில் இரண்டு சந்தை, வெள்ளியன்று திருவோணம். வரக்கூடிய பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒரே வாரத்தில் தலைகாட்டிவிடும்.

படி 1: எந்த வாரக் காட்சி என்று முடிவு செய்யுங்கள்

வாரக் காட்சியில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாரப் பட்டை: மேலே ஏழு தேதிகள், கீழே தேர்ந்தெடுத்த நாளின் பயணப் பட்டியல். மற்றது நேரக் கட்டம்: ஏழு நெடுவரிசை, இடப்பக்கம் மணி, நடுவில் பெட்டி பெட்டியாகப் பயணங்கள்.

கட்டம் பார்க்க அழகாக இருக்கும், அதனால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பரவலாக உள்ள ஆண்ட்ராய்டு போனின் அகலம் 360 டிபி (டிபி என்பது திரை அளவைச் சொல்லும் அலகு). இடப்பக்க மணி வரிசைக்கு 48 டிபி ஒதுக்கினால் மிச்சம் 312. ஏழால் வகுத்தால் ஒரு நாளுக்கு 44 டிபி சொச்சம். 'வாணியங்குளம்' என்ற பெயர் 12 அளவு எழுத்தில்கூட அதில் ஒரே வரியில் நிற்காது. சொல் நடுவில் உடைந்து மூன்று வரியாகும். மூன்று நாள் கட்டமாக்கினால் நாளுக்கு 104 டிபி கிடைக்கும், அது பிழைக்கும்.

ஆகவே நிமிர்த்திப் பிடித்த போனுக்குப் பட்டை. 600 டிபிக்கு மேல் அகலமுள்ள டேப்லெட்டுக்கும், கிடையாகத் திருப்பிய போனுக்கும் கட்டம். முதல் வெளியீட்டில் பட்டை மட்டும் போதும். ஒற்றை வண்டி வைத்திருப்பவர் கட்டம் கேட்கமாட்டார். நாலைந்து வண்டி வைத்து ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்தான் கேட்பார்.

படி 2: தேதியையும் நேரத்தையும் பிரித்துச் சேமியுங்கள்

பயணம் என்பது ஒரு கணத்தில் தொடங்கி இன்னொரு கணத்தில் முடிவது. அதை யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) மில்லிசெகண்டாகச் சேமியுங்கள்: தொடக்கம், முடிவு, கூடவே 'ஏசியா/கொல்கத்தா' என்ற நேர மண்டலப் பெயர். விடுமுறை, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காலாவதி, இன்சூரன்ஸ் கடைசி நாள் போன்றவை கணம் அல்ல, தேதி. அவற்றை '2025-09-05' என்று வெறும் எழுத்தாகச் சேமியுங்கள். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் திணித்தால் என்ன ஆகும்?

இந்திய நேரம் யூ.டி.சி.யைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. செப்டம்பர் 5 நள்ளிரவு 0:00 என்று போனில் உருவாக்கிய தேதியை யூ.டி.சி.க்கு மாற்றி எழுதினால் '2025-09-04, 18:30' என்று பதிவாகும். சர்வரில் யாரோ முதல் பத்து எழுத்தை மட்டும் எடுப்பார்கள். திருவோணம் முந்தின நாளான உத்திராடத்தன்றே வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் டேட்டை ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றும் கட்டளை இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். ஃபிளட்டரில் யூ.டி.சி.யாக மாற்றிவிட்டு எழுதினாலும் இதே கதைதான். 'ஒரு நாள் முன்னாடி காட்டுது' என்று புகார் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இங்கே பாருங்கள்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். வண்டி முதலாளி துபாயில் இருக்கலாம், பாலக்காட்டுப் பக்கம் அது சாதாரணம். துபாய் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். புதன் நள்ளிரவு தாண்டி வியாழன் 0:30க்குக் கிளம்பும் பயணம் அவர் போன் நேரப்படி புதன் இரவு 11:00. பட்டையில் அது புதன்கிழமைக்குப் போய்விட்டால் அவரும் டிரைவரும் வேறு வேறு நாளைப் பேசிக்கொண்டிருப்பார்கள். லோடு ஏறுவது பொள்ளாச்சியில். எனவே யார் எங்கிருந்து பார்த்தாலும் இந்திய நேரத்தையே காட்டுங்கள். இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் 5:30ஐ நிலையாகக் கூட்டினாலே போதும்.

படி 3: வாரத்தின் முதல் நாளும் பக்க எண்ணும்

யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் வட்டாரத் தரவுத்தொகுப்பில் இந்தியாவுக்கு வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ், மலையாளக் காலண்டர்களிலும் ஞாயிறுதான் முதல் கட்டம். தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601ல் திங்கள். இயல்பாக ஞாயிறு வையுங்கள். அமைப்புகளில் திங்களையும் கொடுங்கள்.

கிழமைக்கு எண் கொடுப்பதில் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வழி. டார்ட்டிலும் புதிய ஜாவா நேர நூலகத்திலும் திங்கள் 1, ஞாயிறு 7. ஜாவாஸ்கிரிப்டில் ஞாயிறு 0. ஸ்விஃப்டிலும் ஜாவாவின் பழைய காலண்டரிலும் ஞாயிறு 1. ஒரு மொழியில் எழுதியதை இன்னொன்றில் அப்படியே ஒட்டும்போது பட்டை ஒரு கட்டம் நகர்ந்துவிடுவது இதனால்தான். சூத்திரம்:

வாரத் தொடக்கம் = தேதி − ((கிழமை எண் − முதல் கிழமை எண் + 7) % 7) நாட்கள்

நடுவில் உள்ள + 7 அவசியம். டார்ட்டில் % தரும் மீதி ஒருபோதும் எதிர்மமாக வராது; கோட்லினிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் வரும்.

ஸ்வைப் செய்து வாரம் மாற்ற, பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டும் ஃபிளட்டரின் பேஜ்வியூ பில்டர் போதும். அதற்குப் பக்க எண் வேண்டும். 2000 ஜனவரி 2 ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரத்தைப் பக்கம் 0 என்று வையுங்கள். ஒரு வாரத்தின் பக்க எண் என்பது அன்றிலிருந்து அந்த வாரத் தொடக்கம் வரையுள்ள நாட்களை ஏழால் வகுத்தது. சரிபார்க்க இரண்டு எண்கள்: 2024 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு, ஞாயிறு. அதற்கு 8869 நாட்கள், பக்கம் 1267. நம் சோதனை வாரமான 2025 ஆகஸ்ட் 31க்குப் பக்கம் 1339. உங்கள் நிரல் இந்த இரண்டையும் தந்தால் மேலே போகலாம்.

நாட்களை எண்ணும்போது தேதிகளை யூ.டி.சி. தேதியாக உருவாக்கி எண்ணுங்கள். உள்ளூர் தேதியில் எண்ணினால், லண்டனிலோ நியூ ஜெர்சியிலோ போனைத் திறப்பவருக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும் வாரத்தில் ஏழு நாள் 'ஆறு நாள் 23 மணி' ஆகி, ஆறாக வெட்டப்படும். அடுத்த வாரத்துக்குப் போகவும் 'ஏழு நாள் கால அளவைக் கூட்டு' என்று எழுதாமல் நாள் எண்ணில் 7 கூட்டிப் புதுத் தேதி உருவாக்குங்கள். முதல் கிழமையை ஒருவர் திங்களாக மாற்றினால் பக்கம் 0 என்பது 2000 ஜனவரி 3 ஆக வேண்டும். அதை மறந்தால் சூத்திரம் வகுபடாமல் நிற்கும்.

படி 4: பட்டையை அமையுங்கள்

இரு பக்கமும் 8 டிபி விட்டால் 344 மிச்சம். நாளுக்கு 49 டிபி. தொடுபரப்பு ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஐபோனில் 44 பாயிண்ட் இருக்க வேண்டும் என்பது அந்தந்த வழிகாட்டு நெறி. மயிரிழையில் தப்புகிறோம். ஆகவே நாட்களுக்கு நடுவில் இடைவெளி விடாதீர்கள். வட்டத்தைச் சிறிதாக வரைந்து, தொடும் இடத்தை முழுக் கட்டமாக வையுங்கள்.

உயரம் 64 டிபி வைத்துத் தொடங்குங்கள். பேஜ்வியூவை, மேலிருந்து கீழாக அடுக்கும் 'காலம்' (Column) உறுப்புக்குள் நேராகப் போட்டால் 'எல்லையற்ற உயரம்' என்று ஃபிளட்டர் சிவப்பாகக் கத்தும். உயரம் குறித்த சைஸ்டுபாக்ஸ் என்னும் பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொரு நாளிலும் கிழமை எழுத்து, தேதி எண், கீழே பயணங்களுக்குப் புள்ளி. அதிகபட்சம் மூன்று புள்ளி. நாலாவதை யாரும் எண்ணுவதில்லை. இன்றைய நாளுக்கு வளையம், தேர்ந்தெடுத்த நாளுக்கு நிரப்பிய வட்டம். இரண்டும் ஒரே நாளில் விழலாம் என்பதால் இரண்டுக்கும் ஒரே அடையாளம் வேண்டாம்.

அடுத்த வாரத்துக்கு ஸ்வைப் செய்தால் எந்த நாள் தேர்வாக வேண்டும்? பல செயலிகள் வாரத்தின் முதல் நாளுக்குத் தாவும். சந்தைக்காரர்களுக்கு அது உதவாது. வியாழனில் நின்று ஸ்வைப் செய்தவர் அடுத்த வியாழனைப் பார்க்கத்தான் செய்தார். அதே கிழமையை வைத்திருங்கள்.

'இன்று' பட்டன் கட்டாயம். ஆனால் தொலைவில் இருக்கும்போது பக்கங்களை ஓடவிட்டு வராதீர்கள். நாற்பது வாரம் தள்ளி நிற்பவர் அதை அழுத்தினால் நடுவிலுள்ள ஒவ்வொரு பக்கமும் கட்டப்படும், ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளக் கேள்வி போகும். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் நேராகத் தாவிவிடுங்கள்.

தலைப்பில் மாதம்: வாரத்தின் இரு முனையும் ஒரே மாதமானால் 'செப்டம்பர் 2025', இல்லையென்றால் 'ஆகஸ்ட் – செப்டம்பர் 2025'. டிசம்பர் கடைசி வாரத்தில் ஆண்டும் மாறும், அதையும் கவனியுங்கள்.

கையால் எழுத வேண்டாம் என்றால் ஃபிளட்டரில் 'டேபிள் காலண்டர்' தொகுப்பை வார வடிவத்தில் போட்டாலே பட்டை கிடைக்கும். கீழே வரும் கிழமைப் பெயர் வேலை அப்போதும் உங்களுடையதுதான்.

படி 5: கிழமைப் பெயர்களை வெட்டாதீர்கள்

ஆங்கிலச் செயலியைத் தமிழாக்கும்போது நடக்கும் விபத்து இது. கிழமைப் பெயரின் முதல் எழுத்தை எடு என்று நிரல் இருக்கும். யூனிகோடில் 'செ' என்பது 'ச' குறியும் ஒற்றைக் கொம்புக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். முதலாவதை மட்டும் வெட்டினால் பட்டையில் வருவது: ஞ, த, ச, ப, வ, வ, ச. செவ்வாயும் சனியும் ஒன்று, வியாழனும் வெள்ளியும் ஒன்று. செவ்வாய், வியாழன் சந்தைக்குப் போகிறவருக்கு இதைவிட மோசமான பட்டை கிடையாது.

சரியான வரிசை: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. இதை நூலகத்திடம் கேட்டு வாங்கலாம். நேராக ஏழு சொல் கொண்ட அட்டவணையாக எழுதிவிடுவது இன்னும் நிம்மதி. 49 டிபியில் 'வியா', 'வெள்' போன்ற நீளமான சுருக்கங்களும் 12 அளவில் அடங்கும், ஆனால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் போனில் முட்டும்.

எல்லையோரத்தில் பேச்சு மொழியும் படிக்கும் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைய. ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூரில் தமிழ் பேசித் தெலுங்கு படிப்பவர்கள் அப்படியே. போனின் மொழியை வைத்து முடிவு செய்யாமல், முதல் திரையிலேயே மூன்று எழுத்திலும் 'ஞாயிறு' என்று எழுதிக் காட்டி எதைப் படிக்க வசதி என்று கேளுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைக்கும் வசதி இருக்கிறது, அதிலும் இதை இணைத்துவிடுங்கள். மலையாள எழுத்தில் 'வ்யாழம்' என்பதன் முதல் அசை மட்டும் நான்கு குறியீடுகள். தெலுங்கில் சுக்ரவாரம், சனிவாரம் இரண்டும் ஒரே மெய்யில் தொடங்குகின்றன. எங்கு வெட்டினாலும் விபத்துதான்.

ஆண்ட்ராய்டு 14ல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். கண்ணாடி இல்லாமல் பார்க்கும் டிரைவர்கள் பெரிதாக்கித்தான் வைத்திருப்பார்கள். பட்டையில் மட்டும் பெருக்கத்தை 1.3க்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். கீழே வரும் பயணப் பட்டியலை முழு அளவுக்கு விடுங்கள். தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் மேலும் கீழும் வெட்டுப்படாமல் இருக்க வரி உயரம் 1.4 வையுங்கள். திரை வாசிப்பானுக்கு 'வி, 4' என்று விடாமல் 'செப்டம்பர் 4, வியாழன், 2 பயணங்கள்' என்று முழுதாகக் கொடுங்கள்.

படி 6: ஒரு வாரத்தின் பயணங்களை எடுப்பது

'தொடக்கம் இந்த வாரத்துக்குள் இருக்கும் பதிவுகள்' என்று கேட்பது தவறு. ஆகஸ்ட் 30 சனி இரவு 10:00க்குக் கிளம்பி ஞாயிறு அதிகாலை 3:00க்கு வந்து சேரும் காய்கறி லோடு அதில் விழாது. ஞாயிறு அதிகாலை வண்டி காலி என்று காட்டி, அதே நேரத்துக்கு இன்னொரு பதிவை ஏற்றுக்கொள்ளும். சரியான நிபந்தனை:

தொடக்கம் < வார முடிவு, அத்துடன் முடிவு > வாரத் தொடக்கம்

வார முடிவு என்பது அடுத்த ஞாயிறு 0:00. சனி 23:59:59 என்று எழுதாதீர்கள். இரண்டு எல்லையையும் இந்திய நேரத்தில் கணக்கிட்டு யூ.டி.சி.க்கு மாற்றுங்கள், ஞாயிறு 0:00 என்பது அங்கே சனி 18:30. மாற்றாமல் யூ.டி.சி. ஞாயிறையே எல்லையாக வைத்தால் ஞாயிறு அதிகாலை 5:30க்குள் முடிந்துவிடும் பயணங்கள் வாரத்திலிருந்து காணாமல் போகும். எல்லை வண்டிகள் ஓடுவதே அந்த நேரத்தில்தான்.

தரவுத்தளம் போனிலேயே இருக்கட்டும், எஸ்க்யூலைட் போதும். வாளையார் காட்டுப்பகுதியில் சிக்னல் போய்ப் போய் வரும். சர்வர் பதிலுக்குக் காத்திருக்கும் வாரக் காட்சி அங்கே வெற்றுத் திரைதான். தெரியும் வாரம், முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் என மூன்றைப் பக்க எண் வாரியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயணம் திருத்தப்பட்டால் அது தொடும் வாரங்களை மட்டும் அழித்துத் திரும்ப எடுங்கள்.

படி 7: நேரக் கட்டம்

ஒரு மணிக்கு 60 டிபி. நிமிடத்துக்கு 1 டிபி என்பதால் கணக்கு எளிது. முழு நாள் 1440 டிபி. மேலும் கீழும் ஓடும் ஸ்க்ரோலை வெளியே வைத்து, அதற்குள் 1440 உயரப் பெட்டி, அதற்குள் மணி நெடுவரிசையும் பேஜ்வியூவும் அருகருகே. மாற்றி வைத்தால், அதாவது ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தனி ஸ்க்ரோல் வைத்தால், அதிகாலை 4:00ஐப் பார்த்துக்கொண்டு ஸ்வைப் செய்தவருக்கு அடுத்த வாரம் நள்ளிரவு 12:00லிருந்து தொடங்கும். முதல் தடவை திறக்கும்போது அந்த வாரத்தின் மிக முந்தைய பயணத்துக்கு ஒரு மணி முன்னால் நிறுத்துங்கள்.

நள்ளிரவைத் தாண்டும் பயணம்தான் இங்கே முக்கியம். செப்டம்பர் 3 புதன் இரவு 11:00 பொள்ளாச்சி, 4 வியாழன் அதிகாலை 4:00 வாணியங்குளம். தரவில் இது ஒரே பதிவு. திரையில் இரண்டு துண்டு. ஒவ்வொரு நாளுக்கும் துண்டின் தொடக்கம், பயணத் தொடக்கம் அல்லது அன்றைய 0:00, இரண்டில் பிந்தையது. துண்டின் முடிவு, பயண முடிவு அல்லது மறுநாள் 0:00, இரண்டில் முந்தையது. புதனில் 60 டிபி, வியாழனில் 240 டிபி. நள்ளிரவுப் பக்கத்தில் பெட்டியின் மூலையை வளைக்காமல் வெட்டி விட்டால் தொடர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எந்தத் துண்டைத் தொட்டாலும் அதே பயணம் திறக்க வேண்டும். சரியாக 0:00க்கு முடியும் பயணம் மறுநாளில் உயரமில்லாத துண்டு ஒன்றை விட்டுப்போகும். தொடக்கமும் முடிவும் சமமான துண்டை எறிந்துவிடுங்கள்.

ஒரே நேரத்தில் பல வண்டிகள் ஓடினால் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தொடக்க நேரப்படி அடுக்குங்கள். தொடக்கம் சமமானால் நீளமானது முதலில். ஒன்றோடொன்று தொடர்ந்து முட்டும் பெட்டிகளை ஒரு கூட்டமாகச் சேருங்கள். கூட்டத்துக்குள் ஒவ்வொரு பெட்டியையும் இடமிருந்து முதலில் காலியாகும் வரிசையில் வையுங்கள். உதாரணமாக 4:00–6:00, 4:30–5:30, 5:30–7:00. முதலாவது வரிசை 1, இரண்டாவது வரிசை 2. மூன்றாவது வரும்போது இரண்டாவது முடிந்துவிட்டது, எனவே அதே வரிசை 2. மூன்றுக்கும் பாதி அகலம். 'முடிவு ≤ புதிய தொடக்கம் என்றால் காலி' என்பதில் சமக்குறியை விட்டுவிட்டால் மூன்றாவது வரிசை முளைத்து எல்லாம் ஒல்லியாகிவிடும். போனில் இரண்டு வரிசைக்கு மேல் போகாதீர்கள்; மிச்சத்துக்கு '+2' என்று காட்டுங்கள்.

பதினைந்து நிமிட வேலைக்கு உயரம் 15 டிபி. அதில் தமிழ் எழுத்து நிற்காது. குறைந்தபட்ச உயரம் 28 வையுங்கள். அப்படி நீட்டிய பெட்டி அடுத்ததன்மேல் விழாமலிருக்க, மேலே சொன்ன அடுக்கல் கணக்கிலும் உண்மையான முடிவு நேரத்துக்குப் பதில் நீட்டிய முடிவையே கொடுக்க வேண்டும்.

படி 8: வாரா வாரம் வரும் பயணம்

பொள்ளாச்சிக்குச் செவ்வாய், வியாழன் என்பதை நூறு பதிவாக எழுதி வைக்காதீர்கள். விதியாகச் சேமித்து, தெரியும் வாரத்துக்கு மட்டும் விரியுங்கள். காலண்டர் செயலிகளுக்கான பொதுத்தரமான ஆர்.எஃப்.சி. 5545, 2009ல் வெளியானது. அதன் விதி வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்த வியாழன் மட்டும் வேண்டாம்' என்றால் விதியைத் தொடாமல் விலக்குத் தேதி ஒன்றைச் சேருங்கள். நேரம் மட்டும் மாறினால், மாறிய பதிவை அதன் பழைய தேதியோடு கட்டிவையுங்கள். புதிய தேதியோடு கட்டினால் பழைய வியாழனிலும் ஒரு பேய்ப் பயணம் நிற்கும்.

இரு வாரத்துக்கு ஒருமுறை என்னும் விதியில் ஒரு பொறி உண்டு. 'ஒன்று விட்டு ஒரு வாரம், செவ்வாயும் ஞாயிறும்' என்றால், வாரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்து ஞாயிறு மாறும். அந்தத் தர ஆவணமே இதற்குக் கணக்கு காட்டுகிறது: 1997 ஆகஸ்ட் 5 செவ்வாயில் தொடங்கி நான்கு முறை என்றால், திங்களில் தொடங்கும் வாரத்துக்கு ஆகஸ்ட் 5, 10, 19, 24, ஞாயிறில் தொடங்கும் வாரத்துக்கு 5, 17, 19, 31. விதியில் எதுவும் சொல்லாவிட்டால் திங்கள்தான் இயல்பு. ஆகவே ஒவ்வொரு விதியிலும் வாரத் தொடக்கத்தையும் எழுதிவிடுங்கள். பின்னாளில் ஒருவர் திரை அமைப்பில் ஞாயிறைத் திங்களாக மாற்றினாலும் ஒத்துக்கொண்ட பயணங்கள் இடம் மாறக் கூடாது.

படி 9: விடுமுறை மாநிலத்தோடு நிற்பதில்லை

செயலியில் 'தமிழ்நாடு' 'கேரளம்' என்று இரண்டு விடுமுறைப் பட்டியல் போட்டால் போதும் என்று தோன்றும். எல்லையில் அது பலிக்காது. ஓணத்துக்குக் கோவை, நீலகிரி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஆட்சியர்கள் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதுண்டு. அதற்கு ஈடாகப் பிறகு ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். அறிவிப்பிலேயே இது செலாவணி முறிச் சட்டப்படியான விடுமுறை அல்ல என்று இருக்கும்; பள்ளி மூடியிருக்கும், வங்கி திறந்திருக்கலாம். அந்தப் பக்கம் பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட எல்லை மாவட்டங்களில் கேரள அரசு விடுமுறை விட்டிருக்கிறது.

எனவே விடுமுறை அட்டவணையில் இவை வேண்டும்: தேதி, மாநிலம், மாவட்டம் (காலியாக இருந்தால் மாநிலம் முழுதும்), வகை, பெயர். வகையில் பொது விடுமுறை, உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறை ஆகியவற்றோடு 'ஈடு வேலைநாள்' என்பதும் வேண்டும். அது விடுமுறைக்கு நேர் எதிர், சனிக்கிழமையைக் கறுப்பாக்கும். பயணம் கிளம்பும் மாவட்டம், சேரும் மாவட்டம் இரண்டுக்கும் பார்த்து, எந்தப் பக்கம் மூடல் என்று பட்டியலில் எழுத்தாகவே காட்டுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் திரையில் நிறம் தெரியாது.

தேதியைத் தனித்துவச் சாவியாக வைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 5 அன்று திருவோணம், அதே நாளில் மீலாது நபி. சாவி தேதி மட்டும் என்றால் இரண்டாவதைச் சேர்க்கும்போது முதலாவது அழியும், அல்லது சேர்க்கையே தோற்கும்.

வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. இதை அட்டவணையில் எழுத வேண்டாம், கணக்கிடலாம்: தேதி எண்ணிலிருந்து 1 கழித்து ஏழால் வகுத்த ஈவுடன் 1 கூட்டினால் எத்தனையாவது சனி என்று வரும். செப்டம்பர் 6 முதல் சனி, 13 இரண்டாவது.

ஆட்சியர் அறிவிப்பு சில நாள் முன்னால்தான் வரும் என்பதால் இந்த அட்டவணை செயலிக்குள் உறைந்திருக்கக் கூடாது. சர்வரிலிருந்து தினம் ஒருமுறை இழுத்து, போனில் வைத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

படி 10: ஆவணியா, சிங்ஙமா

தேதி எண்ணுக்குக் கீழே சிறிதாகத் தமிழ்த் தேதியோ மலையாளத் தேதியோ கேட்பார்கள். முகூர்த்த நாளில் வாடகை கூடுமே. 2025 ஆகஸ்ட் 17 ஞாயிறு, ஆவணி 1. அன்றே மலையாள மாதமான சிங்ஙம் 1, மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு 1201. இதைப் பார்த்துவிட்டு 'இரண்டும் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்றலாம்' என்று குறுக்குவழி எடுக்காதீர்கள். இரண்டுமே சூரிய மாதம் என்றாலும், சூரியன் ராசி மாறும் நேரம் தமிழ்க் கணக்கில் மறைவுக்கு முன்னால் இருந்தால் அன்றே மாதப் பிறப்பு. கேரளக் கணக்கில் எல்லை பிற்பகல் ஒன்றேகால் மணி வாக்கில். நடுவில் விழுந்தால் ஒரு நாள் பிசகும். 2023ல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. 2024ல் இரண்டும் ஏப்ரல் 14.

வானியல் கணக்கை நிரலில் எழுத முயல வேண்டாம். ஆண்டுக்குப் பன்னிரண்டு வரி: ஒவ்வொரு மாதம் பிறக்கும் ஆங்கிலத் தேதி. தமிழுக்கு ஒரு பட்டியல், கொல்லம் ஆண்டுக்கு ஒரு பட்டியல். தெலுங்குப் பஞ்சாங்கம் சந்திர மாதம். உகாதி 2024ல் ஏப்ரல் 9, 2025ல் மார்ச் 30. அங்கே திதி வேண்டும், பன்னிரண்டு வரியில் அடங்காது; நாளுக்கு ஒரு வரியாக வாங்கிப் போடுங்கள்.

படி 11: இன்று, இப்போது

கட்டத்தில் ஓடும் சிவப்புக் கோட்டுக்கு நிமிடத்துக்கு ஒரு டைமர் போதும். திறந்த நொடியிலிருந்து அறுபது எண்ணாமல், அடுத்த நிமிடம் பிறக்கும் வரை காத்திருந்து தொடங்குங்கள். கோட்டைத் தனி அடுக்காக வைத்து அதை மட்டும் திரும்ப வரையுங்கள்; முழுக் கட்டத்தையும் வரைந்தால் மலிவு போன்களில் ஸ்க்ரோல் தட்டும். திரையை விட்டு வெளியேறும்போது டைமரை நிறுத்துங்கள்.

இரவு லோடு ஏற்றிவிட்டு போனைப் பையில் போட்டவர் காலையில் எடுப்பார். செயலி பின்னணியில் உயிரோடுதான் இருந்திருக்கும். 'இன்று' வளையம் நேற்றைய தேதியிலேயே நிற்கும். செயலி முன்னால் வரும் ஒவ்வொரு முறையும் இன்றைய தேதியைத் திரும்பக் கேளுங்கள்.

வெளியிடுமுன்

சோதனை வாரத்தில் இதையெல்லாம் ஓட்டிப் பாருங்கள். போனின் நேர மண்டலத்தைத் துபாய்க்கும் லண்டனுக்கும் மாற்றி, வியாழன் பயணம் வியாழனிலேயே நிற்கிறதா. ஆகஸ்ட் 30 சனி இரவுப் பயணம் பக்கம் 1338, 1339 இரண்டிலும் வருகிறதா. முதல் கிழமையைத் திங்களாக்கினால் ஆகஸ்ட் 31 முந்தைய வாரத்துக்குப் போய், தலைப்பு 'செப்டம்பர் 2025' என்று ஒற்றை மாதமாகிறதா. எழுத்து அளவு 200 விழுக்காட்டில் பட்டையில், இடம் போதவில்லை என்று ஃபிளட்டர் காட்டும் மஞ்சள்-கறுப்புக் கோடு வராமல் இருக்கிறதா. மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் மாற்றி, ஏழு கிழமை எழுத்தும் ஏழாகவே இருக்கின்றனவா. விமானப் பயன்முறையில் செயலியைப் புதிதாகத் திறந்தால் வாரம் நிரம்புகிறதா. டிசம்பர் 28, 2025 தொடங்கும் வாரத்தின் தலைப்பில் இரண்டு ஆண்டும் தெரிகிறதா. கடைசியாக, இரவு 11:58க்குக் கட்டத்தைத் திறந்துவைத்து நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். சிவப்புக் கோடு அடுத்த நெடுவரிசையின் உச்சிக்குத் தாவ வேண்டும், வளையமும் கூடவே நகர வேண்டும்.